எலியாவின் சால்வை எலிசாவுக்கு எதைக் கொடுத்தது?

நீங்கள் கேட்டிருப்பது இது: எலியா தன் சால்வையை எலிசாவின் மேல் போட்ட அந்தக் கணமே எலிசா தீர்க்கதரிசி ஆகிவிட்டாரா, அவர் கேட்ட இரட்டிப்பான ஆவி என்பது எலியாவைவிட இரண்டு மடங்கு வல்லமையா, உங்கள் சபையில் மூத்த போதகர் ஓய்வுபெறும் ஆராதனையில் இளையவருக்குச் சால்வை போர்த்தி ஊழியத்தை ஒப்படைக்கப் போகிறார்களே, அதற்கு இங்கே ஆதாரம் உண்டா, கடைசியாக, எலிசாவுக்குப் பின் யார் வந்தார். கேள்வி நான்காக இருந்தாலும் அடியில் ஓடுவது ஒன்றுதான். ஒரு தீர்க்கதரிசி தன் அழைப்பைத் தானே எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க முடியுமா? முடியாது என்றுதான் இந்தக் கதை தொடக்கம் முதல் சொல்லிக்கொண்டு போகிறது என்பது என் வாசிப்பு. 1 இராஜாக்கள் 19-ஐயும் 2 இராஜாக்கள் 2-ஐயும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நான் சொல்வதில் எது வசனம், எது ஊகம் என்று நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஓரேப் மலையில் எலியாவுக்குக் கிடைத்த கட்டளை மூன்று அபிஷேகங்கள். ஆசகேலைச் சீரியாவுக்கு ராஜாவாக, நிம்சியின் வம்சத்து யெகூவை இஸ்ரவேலுக்கு ராஜாவாக, ஆபேல்மேகொலா ஊரைச் சேர்ந்த சாப்பாத்தின் மகன் எலிசாவைத் தன் இடத்தில் தீர்க்கதரிசியாக அபிஷேகம் செய்ய வேண்டும். எலியா தாமே போய்ச் செய்ததாக எழுதியிருப்பது கடைசி ஒன்று மட்டும். அதிலும் எண்ணெய் இல்லை. எலிசாவின் தலையில் யாரும் எண்ணெய் வார்த்ததாக எங்கும் ஒரு வரி கிடையாது. மற்ற இரண்டும் எலியா போன பிறகுதான் நடக்கின்றன. தமஸ்குவில் ஆசகேலின் முகத்தைப் பார்த்து நீ ராஜாவாவாய் என்று சொல்பவர் எலிசா. ராமோத்துக்குத் தைலக்குப்பியோடு ஓடி யெகூவை உள்ளறைக்கு அழைத்துப்போய் அபிஷேகம் செய்பவர் எலிசா அனுப்பிய ஓர் இளைஞர். ஆக, ஒருவருக்குக் கிடைத்த வேலைப்பட்டியல் மூன்று பேர் கைமாறி, பல ஆண்டுகள் கழித்து முடிகிறது. எலிசாவுக்கு வந்து சேர்ந்த சொத்தில் முதலாவது, முடியாமல் கிடந்த இந்த வேலைதான்.

வயலுக்கு வருவோம். பன்னிரண்டு ஏர் பூட்டி உழுதுகொண்டிருக்கிறார்கள், பன்னிரண்டாவது ஏரில் எலிசா. அதாவது இருபத்துநான்கு மாடுகள், ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் ஏர்களில் கடைசி ஏர் அவருடையது. இத்தனை ஏர் ஓடுகிற நிலம் வசதியான குடும்பத்துடையது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள், சாத்தியம்தான். ஆனால் பன்னிரண்டும் சாப்பாத்துக்கே சொந்தமா, ஊரார் சேர்ந்து உழுதார்களா என்று வசனம் சொல்லவில்லை. எலியா அவரைக் கடந்து போகிறார், போகிற போக்கில் சால்வையை அவர்மேல் போடுகிறார். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா அம்மாவை முத்தமிட்டுவிட்டு வருகிறேன் என்று எலிசா ஓடிவந்து கேட்டதும், திரும்பிப் போ, நான் உனக்கு என்ன செய்தேன் என்கிறார். இது கண்டிப்பா அனுமதியா என்பதில் உரைகாரர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. எனக்கு இது 'உன்னை அழைத்தது நான் அல்ல' என்று கையை விரிப்பதாகத்தான் படுகிறது. பிரசங்கங்களில் எலிசா மாடுகள் எல்லாவற்றையும் அடித்து, ஏர்கள் எல்லாவற்றையும் எரித்தார் என்று கேட்டிருப்பீர்கள். அடித்தது ஒரு ஜோடி. எரித்தது அந்த மாடுகளின் ஏர்மரம். மற்றப் பதினோரு ஏரும் மறுநாள் வழக்கம்போல உழப் போயிருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று, அந்தச் சால்வை எலிசாவிடம் தங்கவில்லை. 2 இராஜாக்கள் 2-ல் யோர்தான் தண்ணீரை அடித்துப் பிளக்கும்போது அது எலியாவிடமே இருக்கிறது. ஆகவே வயலில் நடந்தது 'இவன் எனக்கு வேண்டும்' என்ற அடையாளம், பட்டமளிப்பு அல்ல. அதற்குப் பிறகு எலிசா எலியாவின் பின்னே போய் அவருக்கு ஊழியம் செய்தார் என்று ஒரே வரியில் அதிகாரம் முடிகிறது. ஆகாபின் போர்கள், நாபோத்தின் திராட்சத்தோட்டம், அகசியா மாடியிலிருந்து விழுந்தது என்று அடுத்து வரும் எந்த நிகழ்ச்சியிலும் எலிசாவின் பெயரே இல்லை. அந்த இடைக்காலம் எத்தனை ஆண்டு என்று உறுதியாக எண் சொல்லும் யாரையும் நம்பாதீர்கள். ஆகாபின் கடைசிக் காலத்திலிருந்து அகசியாவின் மரணத்துக்குப் பிறகுவரை என்று மட்டும் சொல்லலாம். அந்த ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் என்பதற்கு ஒரு துப்பு 2 இராஜாக்கள் 3:11-ல் இருக்கிறது. போருக்குப் போகும் வழியில் தண்ணீரில்லாமல் தவிக்கும் மூன்று ராஜாக்களில் ஒருவரான யூதாவின் யோசபாத், இங்கே தீர்க்கதரிசி யாராவது உண்டா என்று கேட்கிறார். ஓர் ஊழியக்காரன் சொல்கிற பதில்: எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்த சாப்பாத்தின் மகன் எலிசா இருக்கிறார். யோர்தானைப் பிளந்தவர் என்று சொல்லவில்லை. ராணுவ முகாமில் அவருடைய தகுதிச் சான்றாகப் பேசப்பட்டது, குருவுக்குக் கைகழுவத் தண்ணீர் ஊற்றியது.

கடைசிப் பயணம் கில்கால், பெத்தேல், எரிகோ, யோர்தான் என்று போகிறது. மூன்று இடத்தில் எலியா நீ இங்கேயே இரு என்கிறார், மூன்று முறையும் எலிசா உம்மை விடமாட்டேன் என்று ஆணையிடுகிறார். இதில் ஒரு புவியியல் சிக்கல் உண்டு. எபிரேய மூலத்தில் அவர்கள் கில்காலிலிருந்து பெத்தேலுக்கு 'இறங்கி'ப் போனதாக இருக்கிறது. எரிகோவுக்குப் பக்கத்துக் கில்கால் கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. பெத்தேலோ மலைமேல், 850 மீட்டருக்கும் அதிக உயரத்தில். அங்கிருந்து இங்கே இறங்க வழியில்லை. அதனால் பெத்தேலுக்கு வடக்கே மலைநாட்டில் அதே பெயரில் வேறொரு ஊர் இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். வேதாகம வரைபடம் சிலவற்றில் இந்தப் பயணம் எரிகோவிலிருந்து ஏறி மறுபடி எரிகோவுக்கே இறங்குவதாகக் கோடு போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

யோர்தானைக் கடந்த பிறகுதான் அந்தப் பேச்சு வருகிறது. நான் எடுத்துக்கொள்ளப்படுமுன் உனக்கு என்ன செய்ய வேண்டும், கேள் என்கிறார் எலியா. உம் ஆவியில் இரட்டிப்பான பங்கு என்கிறார் எலிசா. இந்தக் கோரிக்கையைப் புரிந்துகொள்ள அற்புதங்களை எண்ணத் தேவையில்லை, உபாகமம் 21:17-க்குப் போனால் போதும். அங்கே தகப்பன் சொத்தைப் பிரிக்கும் சட்டம் இருக்கிறது. மூத்த மகனுக்கு இரண்டு பங்கு, மற்றவர்களுக்குத் தலைக்கு ஒன்று. மகன்கள் இருவர் என்றால் சொத்தை மூன்றாக வகுத்து மூத்தவனுக்கு இரண்டு, இளையவனுக்கு ஒன்று. ஐந்து மகன்கள் என்றால் ஆறாக வகுத்து மூத்தவனுக்கு இரண்டு. இரட்டிப்பு என்பது தம்பியின் பங்கோடு ஒப்பிட்டுத்தான். தகப்பனிடம் இருந்ததைப்போல இரண்டு மடங்கு எந்த மகனுக்கும் கிடைக்காது, கிடைக்கவும் முடியாது. அதே எபிரேயத் தொடர் சகரியா 13:8-ல் மூன்றில் இரண்டு பங்கு என்ற பொருளில் வருகிறது. எப்படிப் பார்த்தாலும் எலியாவைவிடப் பெரியவனாக வேண்டும் என்று எலிசா கேட்கவில்லை. பெத்தேலிலும் எரிகோவிலும் தீர்க்கதரிசிகளின் புத்திரர் என்ற கூட்டம் இருந்தது. அந்தக் குடும்பத்தில் மூத்த பிள்ளையின் இடத்தைக் கேட்டார்.

எலியா 8 அற்புதம், எலிசா 16, கணக்கு சரியாக இரட்டிப்பு என்று ஒரு பட்டியல் சுற்றிவருகிறது. அதை நம்பி எதையும் கட்டாதீர்கள். மழை நின்றதும் மழை பெய்ததும் ஒன்றா இரண்டா? எலிசாவின் வேலைக்காரன் கேயாசிக்குக் குஷ்டம் பிடித்தது அற்புதக் கணக்கில் வருமா? எலிசா செத்த பிறகு அவர் எலும்பில் பட்ட பிணம் உயிர்த்தது அவர் கணக்கிலா? எண்ணுகிறவர் விருப்பப்படி எண் மாறுகிறது, இரட்டிப்பு வரும்வரை எண்ணுகிறார்கள். மூத்த மகன் என்ற வாசிப்புக்கோ பின்னால் வரும் அதிகாரங்களே சாட்சி. தீர்க்கதரிசிகளின் புத்திரரில் ஒருவர் கடனோடு செத்துப்போக, கடன் கொடுத்தவன் பிள்ளைகள் இருவரையும் அடிமையாகக் கொண்டுபோக வரும்போது, விதவை ஓடிவருவது எலிசாவிடம். பஞ்சத்தில் கூழ்ப்பானையில் விஷக்காய் விழுந்தபோது மாவைப் போடச் சொன்னவர், இருபது வாற்கோதுமை அப்பத்தை நூறு பேருக்குப் பரிமாறச் சொன்னவர், அவர்கள் வீடு கட்ட மரம் வெட்டுகையில் தண்ணீரில் விழுந்த இரவல் கோடரியை மிதக்கவைத்தவர் எல்லாம் அவரே. மூத்தவனுக்குக் கூடுதல் பங்கு கொடுப்பதே அந்தக் குடும்பத்தின் பாரத்தைச் சுமக்கத்தான்.

எலியாவின் பதிலுக்கு வருகிறேன். அரிதான காரியத்தைக் கேட்டாய் என்கிறார். கொடுக்கிறேன் என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் எடுத்துக்கொள்ளப்படும்போது என்னைக் கண்டால் கிடைக்கும், காணாவிட்டால் கிடைக்காது. காண்பதோ காணாததோ எலியாவின் கையிலும் இல்லை, எலிசாவின் கையிலும் இல்லை. ஆவி எலியாவின் பெட்டியில் இருந்த பொருளாக இருந்தால் இந்த நிபந்தனைக்கு அவசியமே வந்திருக்காது. எண்ணாகமம் 11-ல் எழுபது மூப்பர் விஷயத்திலும் இப்படியே: மோசேமேல் இருந்த ஆவியில் எடுத்து மற்றவர்கள்மேல் வைப்பது கர்த்தர்; மோசே நின்று பார்க்கிறார். கூடாரத்துக்கே வராமல் பாளயத்தில் இருந்த எல்தாத், மேதாத் இருவர்மேலும் அது வந்துவிட்டது. பிறகு நடந்ததும் நாம் படத்தில் பார்ப்பதும் கொஞ்சம் வேறு. எலியா அக்கினி ரதத்தில் ஏறிப் போனதாக வசனம் சொல்லவில்லை. ரதமும் குதிரைகளும் குறுக்கே வந்து இருவரையும் பிரித்தன. எலியா ஏறியது சுழல்காற்றில். அதுபோல அவர் மேலிருந்து சால்வையை எலிசாவை நோக்கி எறிந்ததாகவும் இல்லை. அது அவரிடமிருந்து கீழே விழுந்தது. எலிசா முதலில் தன் சொந்த உடையை இரண்டாகக் கிழித்தார், அதன் பிறகு குனிந்து அதை எடுத்தார்.

எடுத்தபின்னும் அவருக்கே நிச்சயமில்லை என்றுதான் தோன்றுகிறது. எலியாவின் தேவனாகிய கர்த்தர் எங்கே என்று கேட்டுத் தண்ணீரை அடிக்கிறார். எபிரேயத்தில் இந்த ஒரே வசனத்தில் அடித்தார் என்பது இரண்டு முறை வருகிறது. சில கிரேக்கப் படிகளிலும் லத்தீன் வுல்காத்தா மரபிலும் முதல் அடிக்குத் தண்ணீர் பிரியவில்லை என்றே ஒரு வாக்கியம் கூடுதலாக இருக்கிறது. அது மூலத்தில் இருந்ததா, இரண்டு முறை அடித்ததற்கு விளக்கமாகப் பின்னால் சேர்ந்ததா என்று தீர்ப்பது கடினம். சேர்ந்தது என்ற பக்கமே நான் சாய்வேன். எதிரே நின்ற எரிகோக் கூட்டம் எலியாவின் ஆவி எலிசாவின்மேல் இறங்கியிருக்கிறது என்று சொல்லிக் குனிந்து வணங்குகிறது. வணங்கிய கையோடு, எலியாவைத் தேட ஐம்பது பேரை அனுப்பலாமா என்றும் நச்சரிக்கிறது. வேண்டாம் என்கிறார். விடவில்லை. மூன்று நாள் தேடிவிட்டு வெறுங்கையோடு வருகிறார்கள். தலைமை மாறும் இடத்தில் எல்லாம் இது நடக்கும்: புதியவரை வாயால் ஏற்றுக்கொள்வார்கள், கால் மட்டும் பழையவரைத் தேடிப் போகும்.

இனி உங்கள் சபையின் சால்வை. முதலில், எலியாவின் சால்வை நம் மேடைகளில் போர்த்தும் பொன்னாடை போன்றதல்ல. எலியா மயிர் உடையும் தோல் வாரும் கட்டியவர் என்று 2 இராஜாக்கள் 1:8 சொல்கிறது. அந்தச் சால்வை நான்கு இடத்தில் வருகிறது: ஓரேபில் முகத்தை மூடிக்கொண்டது, வயலில் எலிசாமேல் போட்டது, எலியா யோர்தானை அடித்தது, எலிசா அடித்தது. 2:14-க்குப் பிறகு அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. எலிசா கையாள்வது உப்பு, மாவு, எண்ணெய், மரக்கிளை. பொருளில் வல்லமை ஒட்டிக்கொண்டு போகும் என்ற நினைப்பை இந்தப் புத்தகமே ஓரிடத்தில் சோதித்துப் பார்க்கிறது. சூனேம் ஊர்ப் பெண் ஒருத்தியின் பையன் இறந்தபோது எலிசா தன் தடியைக் கேயாசியிடம் கொடுத்து, வழியில் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாமல் ஓடிப்போய்ப் பிள்ளையின் முகத்தில் வை என்று அனுப்புகிறார். கேயாசி சொன்னபடியே செய்தார். சத்தமும் இல்லை, உணர்வும் இல்லை. எலிசாவே வந்து, கதவைப் பூட்டி ஜெபித்து, பிள்ளைமேல் படுத்த பிறகுதான் பையன் ஏழு முறை தும்மிக் கண் திறக்கிறான். சரியான ஆளிடமிருந்து சரியான பொருள், சரியான கட்டளையோடு போயும் ஒன்றும் நடக்கவில்லை.

அதனால் உங்கள் ஆராதனைக்கு ஆதாரம் வேண்டுமானால் எண்ணாகமம் 27:15-23-ஐ எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஒரு பொறுப்பைப் பகிரங்கமாக ஒப்படைப்பதற்கு முறை அங்கே படிப்படியாக இருக்கிறது. வாரிசு வேண்டும் என்று முதலில் கேட்பது மோசே. யோசுவாவைப் பெயர் சொல்லிக் காட்டுவது கர்த்தர். ஆவியைப் பெற்றிருக்கிற மனிதன் என்று கைவைக்கும் முன்பே அவரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. ஆசாரியனுக்கும் சபை முழுவதற்கும் முன்னால் நிறுத்தி, கைகளை வைத்து, கட்டளை கொடுக்கிறார்கள். மோசேயின் கனத்தில் ஒரு பகுதிதான் கொடுக்கப்படுகிறது. மோசே கர்த்தரோடு முகமுகமாய்ப் பேசியவர். யோசுவாவோ ஆசாரியன் எலெயாசாருக்கு முன் நின்று, கர்த்தரின் சித்தத்தை அறிய ஆசாரியன் வைத்திருந்த ஊரீம் மூலம் கேட்க வேண்டும். புதியவரின் அதிகாரத்துக்கு எல்லை அதே விழாவில் அறிவிக்கப்படுகிறது, பல சபைகள் மறந்துவிடும் பகுதி இதுதான். உடையைக் கழற்றி அடுத்தவருக்கு உடுத்துவதுதான் வேண்டும் என்றால் எண்ணாகமம் 20-ல் ஓர் என்னும் பெயருள்ள மலைமேல் ஆரோனின் வஸ்திரங்களை எலெயாசாருக்கு உடுத்துவது இருக்கிறது. ஆனால் அது தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் ஆசாரியப் பதவி. ஆரோன் அந்த மலையிலிருந்து இறங்கவில்லை. ஓய்வுபெறும் போதகருக்கு அந்தப் பகுதியை வாசிக்காமல் இருப்பது நல்லது. சால்வை போர்த்துவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை, அன்பின் மரியாதையாகப் போர்த்துங்கள். அபிஷேகம் இடம்பெயர்ந்தது என்று ஒலிபெருக்கியில் அறிவிக்காமல் இருந்தால் சரி.

இதில் வரலாறு எவ்வளவு என்றும் கேட்பீர்கள். எலியா, எலிசா இருவரையும் பற்றி வேதாகமத்துக்கு வெளியே அவர்கள் காலத்துச் சான்று எதுவும் உறுதிப்படவில்லை. அவர்களைச் சுற்றி இருந்த ராஜாக்களுக்கு உண்டு. அசீரிய அரசன் மூன்றாம் சல்மனாசாரின் குர்க் கல்வெட்டு, கி.மு. 853-ல் கார்க்கார் போருக்கு ஆகாப் 2,000 ரதங்களும் 10,000 வீரர்களும் கொண்டுவந்ததாகச் சொல்கிறது. 2,000 மிகை என்று சந்தேகப்படுவோரும் உண்டு. அவனுடைய கருப்புத் தூபியில் யெகூவின் கப்பம் பொறித்திருக்கிறது. இந்த ரதக் கணக்கு நம் கதைக்கு மிக நெருக்கமானது. எலியா போகையில் எலிசா, என் தகப்பனே, இஸ்ரவேலின் ரதமும் குதிரைவீரரும் நீரே என்று அலறுகிறார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து எலிசா சாகக் கிடக்கும்போது ராஜாவாகிய யோவாஸ் வந்து அதே வார்த்தைகளைச் சொல்லி அழுகிறான். அவன் தகப்பன் யோவாகாசுக்குச் சீரியர் மிச்சம் வைத்தது 50 குதிரைவீரர், 10 ரதம், 10,000 காலாட்கள் என்று அதே அதிகாரத்தில், 13:7-ல் இருக்கிறது. எலிசா சொன்னபோது அது புகழ்ச்சியாக இருந்திருக்கலாம். பத்து ரதம் வைத்திருந்தவனின் மகன் சொல்லும்போது அது ராணுவ நிலவரம்.

எலிசாவுக்குப் பின் யார் என்றால், யாரும் இல்லை. கைக்குத் தண்ணீர் வார்க்கும் இடத்தில் அவரிடம் இருந்தவர் கேயாசி. எலிசா குஷ்டம் நீங்கச் செய்த சீரியத் தளபதி நாகமானிடம் பொய் சொல்லி இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்றுடையும் வாங்கி, குஷ்டத்தோடு வெளியேறினார். சாகும் படுக்கையில் எலிசா அம்புகளைப் பற்றி ராஜாவிடம் பேசுகிறார், வாரிசைப் பற்றிப் பேசவில்லை. யாரும் அவரிடம் எதையும் கேட்டதாகவும் இல்லை. யெகூவை அபிஷேகம் செய்ய ஓடிய அந்தப் பெயரில்லாத இளைஞர் யோனா என்று யூத மரபு ஒன்று சொல்கிறது. இராஜாக்கள் புத்தகத்தில் அடுத்துப் பெயரோடு வரும் தீர்க்கதரிசியும் காத்தேப்பேர் ஊர் அமித்தாயின் மகன் யோனா, 14:25-ல், இரண்டாம் யெரொபெயாம் காலத்தில். ஆனால் அவரை எலிசாவோடு இணைக்கும் வசனம் ஒன்றுகூட இல்லை.